ஒரு சாண் மேடு

போன மாதம் மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விழாவில் நீங்கள் எல்லோரும் உங்கள் அப்பா அம்மாவின் கதைகளைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். ஒருவருடைய அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார். இன்னொருவருடைய அம்மா விடிய எழுந்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தார். எல்லாக் கதையும் கடைசியில் ஒரு சொந்த வீட்டிலும் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படத்திலும் போய் முடிந்தது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தீர்கள், கைதட்டினோம், பிறகு கொத்துரொட்டி வந்தது. எனக்கும் ஒலிவாங்கியை நீட்டினீர்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லித் தப்பினேன். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுடைய அந்தத் தூய்மையான பெற்றோரின் வரிசையில் என் அப்பாவையும் கொண்டுபோய் நிறுத்த எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது. ஏழு எட்டு வயதில் இங்கே ஜெர்மனியில் வந்து இறங்கி, இப்போது முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே ஹைம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் பட்டுச்சேலை கட்டியதும் மறந்துவிடுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். எங்களுக்குக் கிடைத்த அகதி விடுதியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. நடையின் கடைசியில் பதினாறு பேருக்கு ஒரு சமையலறை, ஒரு குளியலறை. குளியலறைக் கதவின் கொழுக்கி யாரோ உடைத்தது உடைத்தபடியே கிடந்தது. அம்மா குளிக்கப் போனால் நான் வெளியே கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் நிற்க வேண்டும். மூன்று வருடம் நின்றேன். என் முதுகுக்கு அந்தக் கதவின் குளிர் இன்னும் நினைவிருக்கிறது.

பிறகுதான் அப்பாவுக்கு அந்த வேலை கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் நெக்கார் ஆற்றோரம் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு பேஸ்போல் கழகம். பக்கத்து முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பார்த்து உள்ளூர்ப் பையன்களுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அவர்களுடைய மைதானத்தைப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். புல் வெட்ட வேண்டும், மண் உருட்ட வேண்டும், வேலி பார்க்க வேண்டும். மைதானக் காப்பாளருக்குக் கழக வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறையும் தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உண்டு. அந்தக் குளியலறையின் உள்பக்கத்தில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது.

குடிபோன அன்று அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. நான் பயந்து கதவைத் தட்டினேன். "ஒண்டுமில்லை பிள்ளை, சும்மா இருக்கிறன்" என்றார்.

ஆனால் அந்த வீடு எங்களுக்கு முழுதாகக் கிடைத்துவிடவில்லை. கழகத் தலைவர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். இந்தப் பருவம் பார்ப்போம். ஒக்டோபரில் நிர்வாகக் குழு கூடும். திருப்தி என்றால் நிரந்தர ஒப்பந்தம். இல்லை என்றால் மறுபடி ஹைம். நான்தான் இதை அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டில் ஜெர்மன் பேசிய ஒரே வாய் என்னுடையது.

அந்தத் தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை. குளியலறை ஓடு விற்கிற கடை வைத்திருந்தார். வாழ்நாளில் ஒரு பந்தை அடித்ததில்லை, ஆனால் கழகத்தின் பெயர் பொறித்த மேற்சட்டையைத் தேவாலயத்துக்கும் போட்டுக்கொண்டு போவார். அப்பாவோடு பேசும்போது, அப்பாவுக்குக் காது கேட்காது என்பதுபோல் கத்துவார். விருந்தினருக்கு அறிமுகம் செய்யும்போது தோளில் கையைப் போட்டு "இவர் எங்கள் தமிழர்" என்பார். கடைசி வரைக்கும் அப்பாவின் பெயரை அவர் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவும் அவரைத் தனக்குள் "உந்தக் கக்கூசுக் கடைக்காரன்" என்றுதான் சொல்வார். இரண்டு பேரும் கைகுலுக்கிச் சிரித்தபடி ஒருவரையொருவர் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று நான் மரியாதைச் சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டேன்.

விளையாட்டும் அதற்கேற்ற விளையாட்டுத்தான். மூன்றாம் பிரிவு. பார்க்க வருகிறவர்கள் வீரர்களின் காதலிகள், இரண்டு நாய்கள், மழைக்கு ஒதுங்கிய சைக்கிள்காரர்கள். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிற ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அமெரிக்கனாகிச் சூரியகாந்தி விதையைச் சப்பித் துப்புவான். பந்தெறிகிறவன் தலைவருடைய மகன். தொப்பியைத் தொடுவான், இடுப்பைத் தொடுவான், சொல்லக்கூடாத இடத்தைத் தொடுவான், மறுபடி தொப்பியைத் தொடுவான், பிறகு பந்தை வேலிக்கு எறிவான். விழத் தேவையில்லாத இடத்திலும் எல்லோரும் சறுக்கி விழுவார்கள், ஏனென்றால் காற்சட்டையில் செம்மண் படிந்தால்தான் வீரன். அந்தச் செம்மண்ணை நிலவறையில் ஒரு பழைய இயந்திரத்தில் போட்டுக் கழுவியது அம்மா. அந்த மண் ஊர் மண்ணைப்போல இருந்ததா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள், எனக்குத் தெரியும். இல்லை. அது செங்கல் தூள்.

என் வேலை புள்ளிப் பலகை. மைதானத்தின் தூரத்து மூலையில் மரத்தால் செய்த பெரிய பலகை, பின்பக்கம் ஒரு ஏணி, ஒரு மரத்தட்டு. இலக்கம் எழுதிய தகரத் தகடுகளை ஆணியில் மாட்ட வேண்டும். கண் வைக்க ஒரு ஓட்டை. ஈரத் தகரமும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு வாசம் அங்கே எப்போதும் இருக்கும். அந்த வாசம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். அங்கே நின்றால் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

இனிக் கிழவர். அவரைச் சுண்ணாம்புக் கிழவர் என்று நாங்கள் சொல்வோம். ரயில்வேயில் சமிக்ஞை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. சம்பளம் இல்லாமல், ஆசைக்காக, மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போடுவார். பழைய குழந்தை வண்டியின் சில்லுகளில் ஒரு மரப்பெட்டியைப் பொருத்தி, அதிலிருந்து சுண்ணாம்பு விழுகிற மாதிரி அவரே செய்திருந்தார். நூல் கட்டி, முழங்காலில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துத்தான் தள்ளத் தொடங்குவார். மைதானத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு தோட்டத் துண்டு இருந்தது. அங்கே விளைந்த நோக்கோல் கிழங்கைப் பேனாக்கத்தியால் சீவி, தீப்பெட்டியில் வைத்திருக்கும் உப்பைத் தொட்டு எனக்குத் தருவார்.

அவர் குடிகாரர் என்று எல்லோரும் சொன்னார்கள். மத்தியானமே கையில் ஒரு பியர் போத்தல் இருக்கும். சொன்னதையே மூன்று தரம் சொல்வார். செவ்வாய்க்கிழமை சனிக்கிழமைச் சட்டையோடு வந்து நிற்பார். சுண்ணாம்பு வாளியைக் கழகத்தின் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொட்டிலில் தேடுவார். தலைவர் சிரித்துக்கொண்டு தன் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அப்பா "வெறிக்குட்டி" என்பார்.

நான் இருபத்தைந்து வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அது பியர் இல்லை. அந்தப் போத்தல் காலையில் திறந்தது, பின்னேரம் வரைக்கும் பாதிக்குக் கீழே இறங்காமல் வெயிலில் சூடாகிக் கிடக்கும். நானே எத்தனையோ நாள் அதைக் கொட்டிக் கழுவியிருக்கிறேன். அந்த மனிதருக்கு நினைவு கழன்றுகொண்டிருந்தது. அந்த ஊரில் வைத்தியர் இருந்தார், பாதிரியார் இருந்தார், படித்த ஆட்கள் நிறைய இருந்தார்கள். ஒருவருக்கும் அது தெரியவில்லை. குடி என்று சொல்வது சுகமாக இருந்தது.

இப்போது மேட்டுக்கு வருகிறேன். பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். பந்தெறிகிறவன் மைதானத்தின் நடுவில் ஒரு களிமண் மேட்டில் நின்றுதான் எறிய வேண்டும். ஒரு சாணுக்குச் சற்றே கூடிய உயரம். சரிவுக்குக்கூட அளவு உண்டு. மேடு இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. அந்த மேட்டைக் கிழவரும் அமெரிக்கச் சிப்பாயான பயிற்சியாளரும் சேர்ந்து கட்டியிருந்தார்கள். செங்கல் சூளையிலிருந்து களிமண் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்து, படை படையாக இடித்துக் கட்டியது. மாரிகாலம் முழுவதும் அது ஒரு பச்சைத் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே கிடந்தது.

அப்பா அதுவரைக்கும் ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை. அவர் கிரிக்கெட்காரர். யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரியின் முதல் பதினொருவரில் இருந்ததாகச் சொல்வார். பெரியப்பா ஒருமுறை வந்தபோது, "ஓம் ஓம், தண்ணி கொண்டு ஓடினவன்" என்று சொல்லிச் சிரித்தார், அன்று முழுவதும் அப்பா அவரோடு பேசவில்லை. கல்லூரி மைதானத்தைச் சில காலம் கவனித்தது மட்டும் உண்மை. பாய் விரித்துக் கிரிக்கெட் ஆடுகிற நிலத்தை எப்படி இடித்து மட்டமாக்குவது என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்குவார். பேஸ்போலைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துத்தான். "இது கிறிக்கெற் விளங்காத ஆக்களுக்குக் கண்டுபிடிச்சது."

முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை கிழவர் எங்களை மேட்டுக்குக் கூட்டிப் போனார். படங்கைத் தூக்கி, என் கையைப் பிடித்துக் களிமண்ணில் வைத்தார். குளிர்ந்து இறுகிப்போய் இருந்தது. "இந்த மைதானத்திலேயே முக்கியமான பொருள் இதுதான். மற்றதெல்லாம் புல். உன் அப்பாவிடம் சொல், சனிக்கிழமை நான் வரும்வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது. மெதுவாக ஈரமாக்க வேண்டும். நான் காட்டித் தருகிறேன்" என்றார். வழக்கம்போல் மூன்று தரம் சொன்னார்.

நான் அப்பாவிடம் திரும்பினேன். "அப்பா, இந்த மேட்டை..."

"தெரியும், தெரியும். உந்தக் கும்பியை எடுக்கவேணும் எண்டுதானே? எனக்கு உவன் நிலம் படிப்பிக்கிறானோ? கொலிஜ் கிறவுண்ட் பாத்தவன் நான்."

"அப்பா, அவர் சொல்லுறது..."

"வெறிக்குட்டி அலட்டுறதெல்லாம் எனக்குச் சொல்லாதை. வா, குளிருது."

எனக்கும் குளிர்ந்தது. மேலே தொலைக்காட்சியில் நான் பார்க்கிற நிகழ்ச்சி தொடங்குகிற நேரம். கிழவர் என்னைப் பார்த்து, சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அந்தப் பொய்க்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மூன்று வருடமாகப் பெரியவர்களுடைய வாயாக இருந்து எனக்குச் சலித்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா உருளையை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, பெனியனோடு, வியர்த்து வழிந்தபடி. மேடு இல்லை. களிமண்ணை வெட்டித் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டிலுக்குப் பின்னால் கொட்டியிருந்தார். அந்த இடத்தில், பந்தடிக்கிறவன் நிற்கும் வெள்ளைத் தட்டு வரைக்கும், நூல் பிடித்த மாதிரி ஒரு நீண்ட கிரிக்கெட் ஆடுகளம். கிரிக்கெட்டுக்கு வேண்டிய இருபத்திரண்டு கெஜ நீளம் போதாமல் பின்பக்கம் கொஞ்சம் நீட்டியும் இருந்தார். உண்மையைச் சொன்னால், மிக அழகான வேலை.

அம்மா தேநீர் கொண்டுவந்து நின்றார். "இஞ்சருங்கோ, அவையளைக் கேக்காமலோ செய்யிறியள்?"

"கேட்டுக்கொண்டு நிண்டால் ஒண்டும் செய்யேலாது. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டும். எறியிறவன் மேட்டில நிண்டு எறிஞ்சால் அடிக்கிறவனுக்கு என்ன நியாயம்? இனிப் பந்து நேர வரும்."

எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் புதன்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று அடி விழும். சனிக்கிழமை கிழவர் வருவார், அவரே பார்த்துக்கொள்வார், எப்படியும் இரவுக்குள் இரண்டு பேருமாகக் கட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். தேநீரில் தொட்டு இரண்டு விசுக்கோத்துச் சாப்பிட்டேன். சனிக்கிழமை கிழவர் வரவில்லை. அவருக்கு அன்று என்ன கிழமையாக இருந்ததோ தெரியாது.

ஞாயிறு காலை முதலில் வந்தவர் பயிற்சியாளர். மைதானத்தின் நடுவில் போய் நின்று தன் காலைப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். காரை நிறுத்திய இடத்தை மறந்தவர்போலக் கொஞ்சத் தூரம் நடந்து மறுபடி வந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். அவர் ஒருவர்தான் அன்று சிரித்தார். வந்த நடுவர் அளவுநாடாவை எடுத்து, அளக்க எதுவும் இல்லாமல் மறுபடி சுருட்டி வைத்தார். எதிரணி பேருந்தை விட்டு இறங்கவே மறுத்தது. மேயர் முதல் பந்தை எறிவதாக இருந்தது. அவர் கையில் பந்தோடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் நின்றார். ஒரு பந்தும் எறியாமல் ஆட்டம் ஒன்பதுக்குச் சுழியம் என்று எதிரணிக்குப் போனது. அது அந்த விளையாட்டின் விதி.

தலைவர் எங்களை நோக்கி வந்தார். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. இந்தத் தரம் கத்தவில்லை. "இதை யார் செய்யச் சொன்னது என்று அவரைக் கேள்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "இவராகச் செய்திருந்தால், நாளைக்கே சாமானைக் கட்டட்டும்."

நான் அப்படியே அப்பாவுக்குச் சொன்னேன். அப்பாவின் முகத்தில் இருந்த கிரிக்கெட்காரர் எங்கோ ஓடிவிட்டார். அம்மா கழகவீட்டு வாசலில், கழுவி மடித்த சட்டைகளைக் கட்டிப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கிழவன்தான் எடுக்கச் சொன்னவன் எண்டு சொல்லு" என்றார் அப்பா. தலைவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே, உதட்டை அசைக்காமல் சொன்னார்.

அப்பா சொன்னது ஒரே ஒரு வரி. மிச்சம் முழுவதும் என்னுடையது. புதன்கிழமை என்றேன். படங்கைத் தூக்கிக் காட்டினார் என்றேன். இந்த வருடம் இது வேண்டாம், வெட்டி எடுத்துவிட்டு உருளை போடுங்கள் என்று மூன்று தரம் சொன்னார் என்றேன். அந்த மூன்று தரம்தான் வேலை செய்தது. தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். கிழவரை அறிந்த யாரும் அதை நம்பாமல் இருக்க முடியாது. ஜெர்மன் மொழியின் நான்கு வேற்றுமையிலும் ஒரு பிழை விடாமல் பேசினேன். என் ஜெர்மன் ஆசிரியை கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் சைக்கிளில் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தலையில் கழகத் தொப்பி. தலைவர் வாசலுக்கே போய் அவரை நிறுத்தினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம்கூட இல்லை. கிழவர் எதையோ கேட்க வாயைத் திறந்தார், தலைவர் கையை நீட்டிப் பாதையைக் காட்டினார். அவர் சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார். அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் ஏணியில் ஏறி ஒன்பதாம் இலக்கத் தகட்டை மாட்டினேன்.

அன்று பின்னேரம் அம்மா கேட்டார். "அந்த மனுசன் பாவமில்லையோ?"

"அப்ப ஹைமுக்குத் திரும்பிப் போவமோ? நீ குளிக்கப் போகப் பிள்ளையைக் காவலுக்கு விடுவமோ, சொல்லு?" என்றார் அப்பா.

அம்மா எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். என் அம்மாவைத் தங்கமான மனுசி என்று சொல்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர். இருக்கலாம். அந்தத் தங்கம் ஒரு கேள்வி கேட்டது, ஒரு பதில் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டது, பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பயிற்சியாளர் வந்து அப்பாவையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாரத்தில் மேட்டை மறுபடி கட்டினார். அப்பா கற்றுக்கொண்டார், நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனி மாதத்தில் பெரியப்பா குடும்பம் வந்தபோது மேட்டைச் சுற்றி நடத்திக் காட்டி, களிமண்ணை எப்படிப் படை படையாக இடிக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். "உலகத்திலயே கஸ்டமான வேலை உது. எல்லாராலும் ஏலாது." கிரிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோடும் இப்போது அவர்தான் போட்டார். கோணல். மூன்றாம் பிரிவில் அதைக் கவனிக்க ஆள் இல்லை.

ஒரு ஆள் இருந்தார். புள்ளிப் பலகையின் ஓட்டையால் பார்த்தால் வேலிக்கு அப்பால் தோட்டங்களுக்குப் போகும் பாதை தெரியும். ஆட்டம் இருக்கிற ஞாயிறுகளில், சில வேளை ஆட்டம் இல்லாத புதன்களிலும், கிழவர் சைக்கிளைப் பிடித்தபடி அங்கே நிற்பார். ஆட்டத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டைப் பார்ப்பார். நான் இருக்கும் பக்கம் பார்த்தால் கை காட்டுவார். நான் தகடுகளை அடுக்குகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். கோடை முழுவதும் அப்படித்தான் போனது. நோக்கோல் காலம் முடிந்தது, தோட்டத்தில் அவரைக்குப் பந்தல் போட்டிருந்தார், அதுவும் காய்ந்தது.

ஒக்டோபர் வந்தது. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுவதாக இருந்தது. தலைவர் அப்பாவின் முதுகில் தட்டி, பயப்படாதே, எல்லாம் சரி என்றிருந்தார். அம்மா புதிதாகத் திரைச்சேலை தைக்கத் துணி வாங்கி, தைக்காமல் வைத்திருந்தார். வெள்ளிக்குப் பிறகுதான் தைப்பதாம்.

வியாழக்கிழமை பின்னேரம் கீழே மணி அடித்தது. இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். கிழவர். அதே வெள்ளைச் சட்டை, ஆனால் பொத்தான்களை ஒரு துளை தள்ளி மாற்றிப் போட்டிருந்தார். கையில் கழகத்தின் கடித உறை.

"நாளைக்கு என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்றார். "புதிய செயலாளர் நல்ல பெண். என் பக்கத்தையும் கேட்க வேண்டுமாம். நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று பயிற்சியாளர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த மேட்டை நான்தானே கட்டினேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழகவீட்டின் மாடிப்படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிப் படியில் வந்து நின்றுவிட்டார்.

கிழவர் என் உயரத்துக்குக் குனிந்தார். அவருடைய கண் கலங்கியிருக்கவில்லை. ஒரு விலாசம் கேட்பவர் மாதிரித்தான் கேட்டார். "எனக்கு இப்போது நிறைய விஷயம் நினைவில் நிற்பதில்லை. சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன், வரவில்லை, அது தெரியும். புதன்கிழமை படங்கைத் தூக்கியது தெரியும். அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. கோடை முழுவதும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ பக்கத்தில் நின்றாய். நீ சின்னப்பிள்ளை, உனக்கு நினைவிருக்கும். அதை வெட்டி எடுக்கச் சொல்லி நானா சொன்னேன்?"

என் கையை அவர் களிமண்ணில் வைத்தது எனக்கு நினைவிருந்தது. மூன்று தரமும் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. உலகத்தில் அது நினைவிருந்த ஒரே ஆள் நான்தான். அவர் அதைத் தேடித்தான் என்னிடம் வந்திருந்தார்.

"யா" என்றேன். ஆம் என்று.

அவர் நிமிர்ந்து கடித உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்படியென்றால் நான் நாளைக்குப் போக வேண்டியதில்லை" என்றார். "நல்ல காலம் உன்னைக் கேட்டேன். உங்களுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்துவிட்டேன். உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்."

"என்னவாம்?" என்று அப்பா படியிலிருந்து கேட்டார்.

"உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறார்."

அப்பா மிச்சப் படிகளையும் இறங்கி வந்தார். சட்டையின் முன்பக்கத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கிழவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார், தலைவர் குலுக்குவதுபோல, இரண்டு கையாலும்.

"பரவாயில்லை, நாங்கள் ஒண்டும் மனசில வைச்சிருக்கேல்லை எண்டு சொல்லு" என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். கிழவர் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்கு நன்றி சொன்னார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாங்கே என்ற சொல் அப்பாவுக்குத் தெரியும்.